கல்லுக்கு அந்தப் பக்கம் குவைத்

யோகேஸ்வரன் முதல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைப் பிரித்ததும், "இதுவும் அதேதானா?" என்று கேட்டான். மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை. காலால் சுவரோரம் தள்ளிவிட்டு முன்வாசல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மூன்று பெட்டியிலும் விளையாட்டுப் போன். பாதி ரோஸ் நிறம், பாதி நீலம். கீழே வரிசையாகப் பட்டன்கள், மேலே இழுத்தால் நீளும் ஏரியல், நடுவில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிய பூனைப் படம். பட்டனை அழுத்தினால் நாலு விதமான மணிச் சத்தம் வரும்.

"ஏ புள்ள, கொழும்புப் பொறக்கோட்ட முழுக்கச் சுத்தியும் ஒனக்கு இது ஒன்னுதான் கெடச்சிச்சா?"

"மலிவாக் குடுத்தான். லாபாய் நங்கி, மலிவு தங்கச்சின்னு கையில திணிக்கிறான். மத்ததெல்லாம் தொட ஏலாத வெல" என்றாள் ஜீவராணி, அடுப்படியிலிருந்து.

"மலிவாக் குடுக்காம? இத இப்ப எந்தப் புள்ள வாங்கும்? ஒம் மகளயே கூப்புட்டுக் கேளு."

மகளைக் கேட்க வேண்டியதில்லை. சுலக்ஷனாவுக்கு ஆறு வயது. கட்டிலில் குப்புறப் படுத்து அப்பாவின் நிஜ போனில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பொம்மைப் பெட்டிகளைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பொம்மைக்கும் வாயைப் பிளக்கும். அதைப் பார்க்க அவளுக்கு அலுக்காது. தன் வீட்டில் இரண்டு பெட்டி பிரித்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் எந்தச் சுவரும் போகாது. அந்த வீட்டில் கரண்டி விழுந்தால் இந்த வீட்டில் கேட்கும். அதனால் அன்று சாயந்தரம் முழுக்க நடந்த பேச்சும் கேட்டது.

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் பொம்மைக்கடை என்றால் ஜீவராணி கடைதான். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்கள், வலப்பனை, உடப்புசல்லாவை என்று தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் எங்கே மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தாலும் அங்கே அவர்களுடைய நீலத் தறப்பாள் கூரை தெரியும். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள் மலையில் கொழுந்து எடுத்தவள் ஜீவராணி. வேலைக்குப் போகாமல் கடைக்குப் போகப் போக, தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். அப்போது அவள் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வருடத்துக்கு ஒரு முறைதான், அதுவும் தேர் அன்றைக்கு. முள் ஓடாத கைக்கடிகாரம், தண்ணி பீச்சுகிற துவக்கு, குட்டிச் சட்டி பானை, மூக்குக்கு மேல் நிற்காத கண்ணாடி. தேர் வருவதற்குள் பாதிக் கடை காலியாகிவிடும். அவள் கடை போட்ட முதல் வருடம் இதே மாதிரிப் பட்டன் போன் கொண்டுவந்தாள். லயத்தில் நாலைந்து ஆம்பிளைகளிடம்தான் நிஜ போன் இருந்தது, அதைப் பிள்ளைகள் தொட முடியாது. ஒரு பெட்டி போனும் பூசை மணி அடிப்பதற்கு முன்பே தீர்ந்துபோனது.

பிறகு தலவாக்கலையில் எந்த நாளும் விளையாட்டுச் சாமான் விற்கிற கடைகள் வந்தன. கொழும்பில் வேலை செய்கிற மாமன்கள் பேட்டரிக் காரோடு வந்தார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. பள்ளிக்கூடம் திரும்பி வந்துவிட்டது, போன் திரும்பிப் போகவில்லை. ஒரு வருடம் விரலில் சுழலும் சக்கரம் கேட்டார்கள். அதை வாங்கி அடுக்கிய வருடம், அழுத்தினால் டொப் டொப் என்கிற ரப்பர் கேட்டார்கள். போனில் பார்ப்பதைத்தான் பிள்ளைகள் கேட்கும். ஜீவராணி வாங்கி வருவதற்குள் அது பழசாகிவிடும்.

இந்த முறை யோகேஸ்வரனுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகக் கொழும்புக்குப் போனாள். அந்த முதல் வருடத்துப் போனைப் பார்த்ததும், நன்றாக ஓடிய சரக்கு என்ற ஒரே நினைப்பில் மூன்று பெட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துவிட்டு அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"இங்க பாருங்க. இந்தச் சரக்கு போகலன்னா அடுத்த சரக்கு எடுக்க வழியில்ல. அது ஒங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப நான் திங்கக்கெழம ஹட்டனுக்குப் போறேன். மெடிக்கலுக்குக் கூப்புட்டிருக்காங்க."

"ஏஜன்சிக்கா? அந்தப் பேச்சத்தான் விட்டாச்சே."

"நீங்க விட்டீங்க. நான் விடல. மலைக்குத் திரும்பிப் போவம்னா பேரு இல்ல. கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தா என்னா கெடைக்கும்? குவைத்துல வீட்டு வேல, ரெண்டு வருசம். கண்ண மூடித் தொறந்தா போயிரும்."

"சின்னத்தம்பி பொண்டாட்டியும் ரெண்டு வருசம்னுதான் போனா. நாலாச்சு."

"அவ கத வேற."

"எல்லாம் ஒரே கததான் புள்ள."

பிறகு ஜீவராணியின் குரல் மட்டும் தாழ்ந்து கேட்டது. "எனக்கு மட்டும் ஆசயா? தேர் முடியட்டும். வித்துட்டா போகல. விக்காட்டி போறேன். அவ்வளவுதான்."

சுலக்ஷனா அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் பார்க்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

மாசிக் கடைசியில் எங்கள் பக்கம் காலையில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். பத்து மணிக்குத் தோலைச் சுடுகிற வெயில். இரண்டு மணிக்குள் மூட்டம் இறங்கினால் மழை வரும், இல்லாவிட்டால் வராது. தேர் அன்று சனிக்கிழமை விடியற்காலையிலேயே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துத் திடலில் கடைகள் போட்டார்கள். ஜீவராணி கடைக்கு அடுத்தது வீரம்மாவின் கடலைக்கடை. கடலையை வறுக்கிற சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசி வீரம்மாவுக்குக் குரல் தடித்துப்போயிருந்தது.

"என்னாடி ராணி, போன் கடையா போட்டிருக்க? ரீலோட்டும் போடுவியா?"

"ஒங்களுக்கு ஒன்னு தரவாக்கா?"

"குடு குடு. எம் மகன் கொழும்புலருந்து எடுக்காத போனுக்கு இதுவே போதும். இதுலயும் எடுக்க மாட்டான்."

முதல் பூசை முடிந்து பிள்ளைகள் புதுச் சட்டையோடு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். போனை எடுத்தார்கள், பூனைப் படத்தை விரலால் மேலே தள்ளினார்கள், பூனை நகரவில்லை என்றதும் வைத்துவிட்டார்கள்.

"ஆன்ட்டி, இது ஓடல."

"அது படம்டா கண்ணு. பட்டன அமுத்திப் பாரு, பாட்டுப் படிக்கும்."

"டச் இல்லயா?"

"டச் இல்ல."

"அப்ப இது என்னாத்துக்கு?"

நாலு வயது இருக்கும் ஒரு பிள்ளை போனைக் காதில்கூட வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, "செத்துப் போச்சு" என்று சொல்லித் தன் அம்மாவிடம் கொடுத்தது. வீரம்மா சிரித்த சிரிப்பில் கடலைச் சுருள் கையிலிருந்து நழுவியது.

"சிரிக்காதீங்கக்கா. நெஞ்சு எரியுது."

"சிரிக்காம என்னாடி செய்ய? ஒன்னு செய்யி. செத்தவங்களுக்குப் படையல் வைக்கிற வீட்டுல குடு. அவங்கதான் டச் கேக்க மாட்டாங்க."

மதியத்துக்குள் விற்றது சோப்புக் குமிழிப் போத்தல்கள் கொஞ்சமும், பலூனும், போன வருடத்து ரப்பர் நாலும். போன் ஒன்றே ஒன்று போனது, அதையும் ஒரு பையன் டச் இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தான். யோகேஸ்வரன் குத்திக்காட்டவில்லை. அவன் குத்திக்காட்டாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

"என்னா சொல்ல? சோறு தின்னு."

"வேணாம்."

"திங்கக்கெழம மெடிக்கல்ல ஒடம்பு நல்லா இருக்கணும்ல. தின்னு."

ஜீவராணி பார்சலைப் பிரித்தாள். பருப்பும் சோறும் ஆறிப்போயிருந்தன. இரண்டு வாய் வைத்தாள், மூடிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சுலக்ஷனா பெட்டியிலிருந்து இரண்டு போனை எடுத்துக்கொண்டு போனாள். ஜீவராணி பார்த்தாள், தடுக்கவில்லை. விற்காத சாமான்தானே.

திடலின் மேல் பக்கத்தில், எங்கள் லயத்து வாசலுக்கு எதிரே, ஒரு பெரிய கல் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தக் கல்லில்தான் பெரட்டு விளையாடுவோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. ஒருத்தி கங்காணி, ஒருத்தன் கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் ஆள்கள். சிரட்டையில் இலையை நிறுத்து, "ஒனக்கு அரைப்பேர்தான், போ" என்று அரைநாள் கூலி எழுதி விரட்டுவோம். கணக்கப்பிள்ளையாக இருப்பதற்கு அடிதடி நடக்கும், ஏனென்றால் அவன்தான் யாரையும் ஏசலாம். நல்ல விளையாட்டு என்று சொல்ல முடியாது. எனக்கு எப்போதும் அரைப்பேர்தான் கிடைத்தது. இப்போது அதை யாரும் விளையாடுவதில்லை.

இப்போது அந்தக் கல்லில் என்ன விளையாடுகிறார்கள் என்று பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளைகள் விளையாடுவதில்லை, போன்தான் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் முடிவான விஷயம்.

கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. பிறகு இந்தப் பக்கமிருந்து. பிறகு சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்.

முதலில் கடைக்கு வந்தது சின்னத்தம்பி. அவர் மேற்பிரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி குவைத்தில். எட்டு வயது மகள் லோஜினி அந்தக் கல்லடியில்தான் இருந்தாள். அவர் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்தப் போன்ல ரெண்டு குடுங்க தங்கச்சி."

"ரெண்டாண்ணே?"

"ரெண்டு இருந்தாத்தான் வெளையாட ஏலுமாம்." போய்விடுவார் என்று நினைத்தபோது திரும்பினார். "மக பேசுறதக் கேட்டேன். அப்புடியே அவ அம்மா பேசுற மாதிரி. இழுத்து இழுத்து..." முடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நிற்க நேரமில்லை. பிள்ளைகள் அம்மாக்களை, அத்தைகளை, அப்பாக்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு. ஒன்று ரோஸ், ஒன்று நீலம். காலையில் டச் இல்லை என்று வைத்துவிட்டுப் போன பிள்ளைகளும் வந்தார்கள்.

"நெச போன்தான் வீட்டுல இருக்குதேடி" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"நெச போன்ல வெளையாட ஏலாதும்மா. டேட்டா போயிரும்னு அப்பா ஏசுவாரு."

யோகேஸ்வரனுக்குக் காய்ச்சல் எல்லாம் பறந்துவிட்டது. "வாங்க வாங்க, சோடியாத்தான் குடுப்போம், ஒத்த போன் யாருக்கும் இல்ல!" என்று கத்த ஆரம்பித்தான். வீரம்மா வறுப்பதை நிறுத்திவிட்டு வாயில் கைவைத்துப் பார்த்தாள்.

"மந்திரம் கிந்திரம் வச்சியாடி ராணி?"

"எனக்கே வெளங்கலக்கா."

"நான் சிரிச்ச சிரிப்புலதான் ராசி வந்துச்சு. எனக்கு ஒரு சோடி எடுத்து வையி."

மூன்றாவது பெட்டியின் அடி தெரிந்தபோது ஜீவராணி, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லடிக்குப் போனாள். அப்படி என்னதான் விளையாட்டு என்று பார்க்கத்தான். மூட்டம் இறங்கித் தேயிலைச் செடியெல்லாம் பாதி மறைந்திருந்தது. அங்கே நாங்கள் சிலபேர் நின்றுகொண்டிருந்தோம்.

கல்லுக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் குவைத். அம்மாவாக இருப்பவள் போனோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மாணாப்புல்லால் தரையைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். முதல் பிள்ளை பட்டனை அழுத்தும். அந்தப் பக்கமும் அழுத்தினால் லைன் கிடைத்ததாக அர்த்தம்.

அப்போது அம்மாவாக இருந்தது லோஜினி.

"ஹலோ, பாப்பா? சாப்டியா?"

"சாப்டேன்."

"என்னா சாப்ட?"

"சோறு."

"பள்ளிக்கூடம் போனியா? சட்டைய அழுக்காக்காத என்னா."

"சரி. எப்ப வருவீங்க?"

"வருவேன். மேடம் கூப்புடுறா, வைக்கிறேன்."

டக்கென்று வைத்துவிட்டாள். அம்மாதான் முதலில் வைக்க வேண்டுமாம். "எப்ப வருவீங்க?" என்று எல்லாப் பிள்ளையும் கட்டாயம் கேட்க வேண்டுமாம். அதற்கு நாள் சொல்லக்கூடாதாம், வருவேன் என்று மட்டும்தான் சொல்லலாமாம். பேசும்போது யாராவது சிரித்தால் அவுட்டு. அழுதாலும் அவுட்டு. பொய்யாக அழுதாலும்.

"யாருடி இந்த வெளையாட்டக் கண்டுபுடிச்சது?" என்று ஜீவராணி கேட்டாள்.

"யாரும் கண்டுபுடிக்கல அத்த" என்றாள் லோஜினி. "சும்மா வெளையாடுறதுதான். முந்தி சவுக்காரப் பெட்டிய வச்சு வெளையாடுனோம். ஒங்க போன்ல மணி அடிக்குது, அதான் இது நல்லாருக்கு."

அடுத்ததாக வரிசையில் நின்றது சுலக்ஷனா. அம்மாவைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஜீவராணி அங்கே நிற்கவில்லை.

கடைக்கு வந்தபோது பெட்டிகள் மூன்றும் மடங்கிக் கிடந்தன. யோகேஸ்வரன் தறப்பாளை உருவிக்கொண்டே பேசினான். "முடிஞ்சிச்சு புள்ள! ஒரு சோடிதான் மிச்சம், அது பாப்பாகிட்ட இருக்கு. இனி ஒரு ஹட்டனும் இல்ல, ஒரு மெடிக்கலும் இல்ல. உடப்புசல்லாவைக்கு அஞ்சு பொட்டி எடுப்போம். அங்கதான் வீட்டுக்கு ஒரு ஆளு வெளிநாட்டுல. பிச்சுக்கிட்டுப் போகும்."

"ம்" என்றாள் ஜீவராணி.

"என்னா ம்? சந்தோசப்படேன். நீ வாங்குனது சரிதான்னு ஒத்துக்கிறேன், போதுமா?"

"போதும். தறப்பாள நனையாம மடிங்க."

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு. லயம் லயமாக வாளியோடு ஓடினார்கள். யோகேஸ்வரனின் வெள்ளைச் சட்டையை மச்சான்மார் பிடித்து மஞ்சளாக்கினார்கள். ஜீவராணி மட்டும் இஸ்தோப்பில் நின்று ஏஜன்சிக்குப் பேசினாள். "நாளைக்கு வரல்லீங்க... இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன். இப்போதைக்கு வேணாம்... அப்புடித் தேவன்னா பெறகு சொல்றேன்."

அவள் போனை வைத்ததும் யோகேஸ்வரன் மஞ்சள் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "பெறகுன்னா?"

"அடுத்த சரக்கும் இப்புடியே போகும்னு மாரியாத்தா எழுதிக் குடுத்திருக்காளா ஒங்களுக்கு?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

மதியம் சாப்பிடக் கூப்பிடுவதற்காக ஜீவராணி மகளைத் தேடினாள். சுலக்ஷனா கல்லடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் மஞ்சள் தண்ணிக்கு ஓடியிருந்தார்கள். மடியில் இரண்டு போன். வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்த எங்களால் அவர்களைப் பார்க்கவும் முடிந்தது, கேட்கவும் முடிந்தது.

"வா பாப்பா, சாப்புடுவோம்."

"ஒருக்கா வெளையாடிட்டு வர்றேம்மா. நீங்கதான் அம்மா. அந்தப் பக்கம் போங்க."

ஜீவராணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அவளும் பட்டனை அழுத்தினாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"என்னா சாப்ட?"

"ரொட்டி."

"பள்ளிக்கூடம் போனியா?"

"போனேன். எப்ப வருவீங்க?"

அந்தப் பக்கமிருந்து 'வருவேன்' வரவில்லை.

"எப்ப வருவீங்க?" என்று சுலக்ஷனா இன்னொரு முறை கேட்டாள்.

"நான் போகலடி" என்றாள் ஜீவராணி. "இப்பத்தான் போன்ல சொன்னேன். நான் போகல."

சுலக்ஷனா போனைக் காதில் வைத்தபடியே கல்லைச் சுற்றி வந்து அம்மாவின் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு ஹட்டனுக்குப் போறீங்கதானே?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நீங்கதான். அப்பாகிட்ட சொன்னீங்க."

"நீ போன் பாத்துக்கிட்டுல்ல இருந்த."

"கேட்டிச்சு." பிறகு கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்: "லோஜினி அக்கா பழக்கிக் குடுத்தாங்க. மொதல்ல மூணு தரம் அவுட்டாயிட்டேன். இப்ப எத்தன தரம் கேட்டாலும் அழ மாட்டேன்."

ஜீவராணி அவளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இனிமே பழக வேணாம்."

"எப்ப வரைக்கும்?"

எப்போதும் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குச் சொல்கிற பொய்தானே, நாங்கள் யாராக இருந்தாலும் சொல்லியிருப்போம். ஜீவராணி தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"உடப்புசல்லாவைத் திருவிழா வரைக்கும் கட்டாயம் போக மாட்டேன்."

"அதுக்குப் பொறகு?"

"அங்க சாமான் வித்துட்டா அதுக்குப் பொறகும் போக மாட்டேன்."

சுலக்ஷனா ரோஸ் போனின் ஏரியலை உள்ளே தள்ளினாள். அம்மாவின் கையிலிருந்த நீலப் போனையும் வாங்கி அதன் ஏரியலையும் தள்ளினாள். கடையில் சாமானை அடுக்குவதற்கு முன்னால் ஜீவராணி துடைப்பாளே, அதேபோல இரண்டையும் கவுன் நுனியால் நன்றாகத் துடைத்தாள்.

"அப்ப இதையும் வித்துருங்கம்மா" என்று அம்மாவின் மடியில் வைத்தாள்.